பரணில் வேர்க்கும் விண்வெளி வீரர்கள்: பெட்டியைப் பிரிக்கலாமா?

மன்னார்குடி வாசகர் கேட்டது, 6 மே 2024

"அண்ணே, நீங்கள் வாங்குகிற கைகால் மடக்கும் வீரர் பொம்மையை எல்லாம் அன்றைக்கே பிரித்து அலமாரியில் நிறுத்திவிடுகிறீர்கள். பிரித்தால் விலை பாதியாகிவிடும் என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒன்றையும் பிரிக்காமல் சீலோடு பரணில் அடுக்கி வைத்திருக்கிறேன். என் கட்சிதான் சரி என்கிறேன். மறுப்பு உண்டா?"

6 மே 2024, இரவு

உண்டு தம்பி. பரண் என்றீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கத்திரி வெயில் நேரத்தில் மதியம் பரணுக்குள் தலையை விட்டுப் பாருங்கள், அரை நிமிஷம் தாங்காது. அந்தச் சூட்டில் பொம்மைகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. நாளைக்கு ஒரு பெட்டியை இறக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, பொம்மையை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

7 மே 2024

பார்த்துவிட்டார். "உள்ளே எண்ணெய் பூசின மாதிரி மங்கலாக இருக்கிறது, முதுகில் தொங்கும் துணி மாதிரியான பாகம் பளபளக்கிறது" என்கிறார். எதிர்பார்த்ததுதான்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதுதான். அதையே வளைகிற பொருளாக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். பொம்மையின் மேலங்கி, பெல்ட், கைவிரல், பல நேரங்களில் தலைகூட இந்த மிருதுவான வகை. அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதியியல் பிணைப்பில் இல்லை, நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாள் ஆக ஆக மேலே வரும். சூடு ஏறினால் சீக்கிரம் வரும். குமிழுக்குள் அதற்குப் போக இடம் இல்லை, துடைக்கவும் ஆள் இல்லை. மழைக்காலத்துக் கருப்பட்டி மாதிரி பொம்மை கசிந்துபோய் நிற்கும்.

குளிரூட்டிய அறையும் வறண்ட காற்றும் உள்ள ஊர்க்காரர்கள் எழுதி வைத்த சட்டத்தை நாம் வெண்ணாற்றங்கரையில் கடைப்பிடிக்கிறோம். என் மறுப்பு இவ்வளவுதான்.

7 மே 2024, சாப்பாட்டுக்குப் பிறகு

கழுவுவது எப்படி என்று கேட்டவருக்கு: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற திரவம் இரண்டு சொட்டு, பழைய மிருதுவான பல்துலக்கும் பிரஷ். நிழலில் காயவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பொம்மையில் உள்ள ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கரைந்துவிடும். ஸ்பிரிட்டும் வேண்டாம், பெயிண்ட்டைக் கிளப்பிவிடும். மண்ணெண்ணெய் என்று எழுதிய நாகப்பட்டினத்துப் பெரியவருக்கு வணக்கம், அதை லாந்தருக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

11 மே 2024

வெயில் கூடக் கூட அடுத்த புகார்: பொம்மை தானாகக் குனிகிறது. கணுக்கால் மிருதுவாக இருந்து மேலே கவசம் கனமாக இருந்தால் மே மாதத்தில் இது நடக்கும். கொதிக்காத, கைபொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான தண்ணீரில் காலை மட்டும் முக்குங்கள். இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு ஐஸ் தண்ணீரில் விடுங்கள். அந்த வடிவத்தில் நின்றுவிடும். அடுத்த கோடை வரை.

இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் கம்பி ஸ்டாண்டு இருந்தால் இந்த வைத்தியமே தேவையில்லை. ஆனால் ஸ்டாண்டு போட்ட பொம்மை எனக்கு ஏனோ ஆஸ்பத்திரியில் இருப்பது போலத் தெரிகிறது.

19 மே 2024

திருவாரூரிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை நீளமாக எழுதியிருக்கிறார். விஷயம் முக்கியமானது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் மிருதுவான பி.வி.சி.யை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்வது, கண்ணாடிக்குள் மூடி வைத்தால் பிளாஸ்டிசைசர் வெளியேறுவது குறைகிறது என்பதுதான். திறந்து வைத்தால் அது போய்க்கொண்டே இருக்கும், பொருள் சுருங்கி விறைத்து, கடைசியில் விரிசல் விடும். ஆக, மூடுவது கெடுதல் என்று பொதுவாகச் சொல்லக்கூடாது என்கிறார் டீச்சர்.

யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். மூடிய இடத்தில் மேல்பரப்பு பிசுபிசுக்கும், ஆனால் உள்ளே எண்ணெய் இருப்பு குறைவது நிதானமாகும். திறந்த இடத்தில் மேல்பரப்பு சுத்தமாக இருக்கும், உள்ளே இருப்பு கரையும். பொது எதிரி சூடு. எனவே மன்னார்குடித் தம்பிக்கு என் தீர்ப்பைத் திருத்தி எழுதுகிறேன்: பெட்டி இருக்கட்டும், முதலில் பரணைக் காலி செய்யுங்கள். வீட்டில் எந்த அறை மதியத்தில் குளிர்ச்சியோ அந்த அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழம் மேலே.

டீச்சர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. பாலித்தீன் உறையில் போட்டுவைத்தால் உறையே அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளுமாம். ஜவுளிக்கடைக் கவரில் பொம்மை சுற்றிவைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

20 மே 2024

இல்லை, நான் இன்னமும் பிரிக்கிறவன்தான். காரணம் வேறு.

2 ஜூன் 2024

அந்தக் காரணத்தை எழுத ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது.

ஆறு அங்குல பொம்மையின் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்களா? பழைய முறையில் சிலிகான் ரப்பர் திண்டால் கண்ணையும் புருவத்தையும் முத்திரை குத்தினார்கள். டாம்போ அச்சு என்பார்கள். திண்டு ஒரு இழை நகர்ந்தால் போதும், வீரர் மாறுகண்ணாகிவிடுவார். சில ஆண்டுகளாக ஹாஸ்ப்ரோ போன்ற கம்பெனிகள் முகத்தின் நிறத்தையே டிஜிட்டலாக அச்சிடுகின்றன. கையை நீட்டித் தூரத்தில் பிடித்தால் உயிருள்ள தோல். கண்ணாடியை வைத்தால் வாரப்பத்திரிகை அட்டைப்படத்தில் தெரிவது போன்ற சிவப்பு, நீலப் புள்ளிகள், கன்னத்தில் அடர்த்தியாக, நெற்றியில் பரவலாக. என்னிடம் உள்ள ஒரு விமானியின் இடது கண்ணிமைக்குக் கீழே சாம்பல் நிறப் புள்ளிகள் கொஞ்சம் கூட்டமாக இருக்கின்றன. அதுதான் அவருடைய தூக்கமின்மை. குமிழுக்கு வெளியிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது, குமிழ் வெளிச்சத்தை வாரி முகத்தில் அடிக்கும்.

கவசத்தின் சிராய்ப்புகளையும் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும். காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளி வண்ணத்தைத் தொட்டுத் துடைத்துவிட்டு விளிம்பில் மட்டும் தடவினால் பெயிண்ட் உரிந்த இரும்பு மாதிரி வரும். நல்ல பொம்மையில் இந்தச் சிராய்ப்பு உரசல் படுகிற இடத்தில் இருக்கும்: முழங்கால் சில்லு, துப்பாக்கி உறையின் வாய், தோள்விளிம்பு. மட்டமான பொம்மையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். முதுகின் நடுவில் வெள்ளிக் கீறல் போட்டவரைக் கேட்கிறேன், இந்த ஆள் எந்தச் சுவரில் முதுகு சொறிந்தார்?

3 ஜூன் 2024

அளவு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஆறடி ஆளை 12-ஆல் வகுத்தால் ஆறு அங்குலம், 6-ஆல் வகுத்தால் ஓரடி. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் செய்வது இந்த ஓரடி வகை. 18-ஆல் வகுத்தால் நாலு அங்குலம். அமெரிக்காவின் கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படத்துக்குக் கொண்டுவந்த 3¾ அங்குலம் இதற்குப் பக்கத்தில் வரும். சின்ன அளவை எடுத்ததற்குக் காரணம் விண்கலங்கள். ஓரடி ஆளுக்கு ஏற்ற விண்கலம் செய்தால் அதைக் கட்டிலுக்குக் கீழேகூடத் தள்ள முடியாது.

14 ஜூலை 2024

பெட்டிக் கட்சிக்காரர்களுக்கு ஒரு பழைய கதை. 1977-இல் ஸ்டார் வார்ஸ் படம் ஓடிய ஓட்டத்துக்கு ஒஹையோ மாநிலத்து கென்னரால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள்? ஒரு அட்டை உறையில் படமும் சான்றிதழும் வைத்து விற்றார்கள். சான்றிதழை அனுப்பினால் 1978-இல் நாலு பொம்மை வீட்டுக்கு வரும். உள்ளே பொம்மையே இல்லாத பெட்டி! இதைவிடச் சுத்தமாக யாராலும் "பிரிக்காமல்" வைத்திருக்க முடியாது.

இன்னொன்று அதே ஸ்டார் வார்ஸின் கவச வீரர் போபா ஃபெட். முதுகிலிருந்து ஏவுகணை பாயும் பொம்மை என்று 1979-இல் விளம்பரம் செய்தார்கள். அதற்குள் வேறொரு கம்பெனியின் விண்கலப் பொம்மைக் குண்டு தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. ஏவுகணையை ஒட்டி அசையாமல் செய்துதான் கடைசியில் அனுப்பினார்கள். ஏவுகணை பாயும் முன்மாதிரிப் பொம்மைகள் சில தப்பி வெளியே வந்தன, இன்றைக்கு அவை ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. கடைக்கு வராத பொருளுக்கு இருக்கிற கிராக்கியைப் பாருங்கள்.

நமக்கு அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது? எண்பதுகளில் லியோ கம்பெனியின் தசை முறுக்கிய ஹீ-மேன், 1987-இல் ஆரம்பித்த ஃபன்ஸ்கூலின் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மைகள். தஞ்சாவூருக்குத் துணி எடுக்கப் போகும்போது அழுது வாங்கிய தலைமுறை நான். ஃபன்ஸ்கூல் பொம்மைகளில் நிறங்கள் அமெரிக்கப் பொம்மைகளிலிருந்து வேறாக இருக்கும். அப்போது அதை மட்டம் என்று நினைத்தோம். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் அந்த நிறத்துக்காகவே தேடுகிறார்கள்.

15 ஜூலை 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, பழைய ஜி.ஐ. ஜோ இடுப்பு கழன்று இரண்டாகக் கிடக்கிறது என்று பலர் எழுதிவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மார்புக்கும் கால்களுக்கும் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். அது காய்ந்து அறுந்திருக்கும். முதுகில் இருக்கும் ஒரே திருகைக் கழற்றினால் உடம்பு இரண்டாகத் திறக்கும். அறுந்த ரிங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பம்ப்செட் ரிப்பேர் கடைக்குப் போங்கள். ஆயில் எஞ்சின் பார்க்கிற கடைகளில் டப்பா டப்பாவாக ரிங் இருக்கும், ஒத்த அளவைப் பொறுக்கிக்கொள்ளலாம். எதற்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எங்கள் கடைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அவரே மாட்டித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

புது ரிங் ரொம்ப இறுக்கமாக இருந்தால் வேண்டாம், இடுப்புப் பிளாஸ்டிக் முறிந்துவிடும்.

18 ஆகஸ்ட் 2024

போலி பற்றி. பூட்லெக் என்றோ கே.ஓ. என்றோ சொல்கிறோமே, அது. ஒரிஜினல் பொம்மையிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் பொருள் ஆறும்போது சுருங்கும். ஆகவே போலி ஒரு நூல் சின்னதாக இருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் பிடித்துவிடலாம். அளக்காவிட்டாலும் பாதத்துக்கு அடியில் இருக்கும் ஆண்டும் கம்பெனிப் பெயரும் மழுங்கிப்போயிருக்கும். ஒரு ஆன்லைன் கடைக்காரர் எனக்கு அனுப்பிய "ஒரிஜினல்" பெட்டியைத் திறந்ததும் சைக்கிள் டியூப் ஒட்டும் பசை வாசனை அடித்தது. பணம் திரும்பி வரவில்லை. பொம்மையை வண்ணம் அடித்துப் பழக வைத்துக்கொண்டேன்.

சுவாமிமலைக்குப் பக்கத்தில் இருப்பதால் எனக்கு இதில் ஒரு தனி யோசனை ஓடும். அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டலை மைபோல் அரைத்து முதல் பூச்சுப் பூசுவார்கள். மெழுகை உருக்கி ஓடவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள், ஆறிய பிறகு அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சே மிஞ்சாது. ஒரே அச்சில் ஆயிரம் என்ற பேச்சுக்கு இடமில்லை. நம் பொம்மைகளோ எஃகு அச்சில் லட்சக்கணக்கில் கொட்டுகின்றன. பிறகு எதை ரசிக்கிறோம்? எனக்குக் கிடைத்த பதில், எஃகு அச்சுக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து களிமண்ணிலோ கணினியிலோ செதுக்கிய கை. ஜாயிண்ட்டை எங்கே மறைத்திருக்கிறார் என்று பார்த்தால் அந்தக் கை தெரியும். முழங்கையில் ஆணி தெரிகிற பொம்மை ஒரு காலம். ஆணியே தெரியாமல் இரண்டாக மடிகிற முழங்கை இப்போது.

ஸ்தபதிகள் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து, அங்க அளவு எடுப்பார்கள். முகத்தின் நீளம்தான் தாலம். உத்தம தசதாலம் என்றால் உயரத்தை 124 பங்காகப் பிரிப்பது. நானும் ஓலை நறுக்கி ஒரு கவச வீரரை அளந்து பார்த்தேன். முகத்தைப் போல ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவு, நவதாலத்துக்குப் பக்கத்தில். ஹீ-மேனை அளக்க ஓலை கூச்சப்பட்டது.

5 அக்டோபர் 2024

கொலு. எங்கள் வீட்டில் கீழ்ப்படிக்குக் கீழே பார்க், பார்க்குக்குப் பக்கத்தில் என் பங்கு. செட்டியார் கடையில் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் நிரப்பி, செட்டியாருக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கவசச் சிப்பாய்களைக் காவலுக்கு நிறுத்தினேன். சுண்டல் வாங்க வந்த குழந்தைகள் மேல்படியைத் திரும்பியே பார்க்கவில்லை. அத்தைக்கு இதில் வருத்தம். ஆனால் சிப்பாயின் கையில் துப்பாக்கிக்குப் பதிலாகக் குட்டி வெற்றிலைத் தட்டைப் பொருத்தியது அவர்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

தலையாட்டி பொம்மையையும் விண்வெளி வீரரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தோன்றியது: ஆர்டிகுலேஷன், அதாவது மடங்கும் மூட்டு, இத்தனை, அத்தனை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தஞ்சாவூர்க்காரர்கள் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தாங்கவிட்டு இடுப்பையும் தலையையும் தனித்தனியாக ஆடவைத்துவிட்டார்கள்.

6 அக்டோபர் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "மண் பொம்மையோடு பிளாஸ்டிக்கை ஒப்பிடலாமா" என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். நான் ஒப்பிட்டது ஆட்டத்தை. போகட்டும், சுண்டல் சாப்பிடுங்கள்.

27 அக்டோபர் 2024

விலை ஏன் இப்படி என்று மாதத்துக்கு ஒருவர் கேட்கிறீர்கள். பொம்மைகளுக்கு இறக்குமதித் தீர்வை 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. 2021 ஜனவரி முதல் பி.ஐ.எஸ். தரமுத்திரையும் கட்டாயம். உள்ளூர்த் தொழிலுக்கு நல்லது என்கிறார்கள், இருக்கலாம். நம்மைப் போல விரல் நீள வீரருக்கு ஏங்குகிறவர்கள் இரண்டு வழிதான் பார்க்கிறோம்: லூஸாக, அதாவது பெட்டியில்லாமல், இன்னொருவர் வைத்திருந்ததை வாங்குவது, அல்லது துபாயிலிருந்து வரும் மாமா. மாமாவுக்குப் படம் அனுப்பும்போது அளவையும் எழுதுங்கள். ஓரடி வீரர் வேண்டும் என்றவருக்கு ஒரு சாவிக்கொத்து வந்திருக்கிறது.

28 நவம்பர் 2024

மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் வந்து வந்து போகிறது. வெளியே போக வழியில்லாததால் டயோராமா வேலை, அதாவது பொம்மை நிற்க ஒரு குட்டிக் காட்சி அமைப்பது.

தரைக்கு வாய்க்கால் வண்டலையே எடுக்கிறேன். இரும்புச் சட்டியில் வறுத்துப் புழு பூச்சியை ஒழித்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். ஏன் அவ்வளவு நைசாக? 1/18 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது 18 மில்லிமீட்டர் ஜல்லி. ஆற்று மணலை அப்படியே கொட்டினால் வீரர் ரோடு போடுகிற இடத்தில் நிற்பார். சலித்த தூளை ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து பூசினால் காயும்போது நம் வயல் மாதிரியே வெடிக்கும். வெடிப்பு பெரிதாக வந்தால் பூச்சு தடிமன் என்று அர்த்தம், மெல்லிசாக இன்னொரு முறை. துருவுக்குக் கடையில் வண்ணம் விற்கிறார்கள். நான் பழைய மோட்டார் மூடியைச் சுரண்டிக்கொள்கிறேன்.

அடிப்பலகையாகத் தெர்மோகோல் வேண்டாம். போன வருஷம் செய்த ஒன்றைப் பிரித்தபோது, மிருதுவான பூட்ஸ் போட்ட வீரர் நின்ற இடத்தில் தெர்மோகோல் உருகி, பூட்ஸின் அடிக்கோடுகளோடு காலடி பதிந்திருந்தது. அதே பிளாஸ்டிசைசர் வேலைதான், பாலிஸ்டைரீனை அது தின்னும். நிலவில் பதிந்த காலடி மாதிரி அழகாக இருந்ததால் தூக்கிப்போட மனம் வரவில்லை. மரப்பலகையோ ப்ளைவுட்டோ போதும்.

மன்னார்குடித் தம்பியின் அட்டைகளில் பூஞ்சை வந்திருக்கிறது. ஃபேன் காற்றில் காயவைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி வைத்துத் துடைத்தால் அச்சு மை கிளம்பும். பழைய ஃபன்ஸ்கூல் கார்டுகளைப் பிரிக்கச் சொல்ல எனக்கே மனமில்லை. அந்த அட்டைப் படத்துக்காகத்தான் நாம் அந்த வயதில் கடை வாசலில் நின்றோம். அவற்றை மட்டும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மீதியைப் பிரியுங்கள்.

29 நவம்பர் 2024

கண் எரியும், மார்பு மின்னும் பொம்மைகளில் இருக்கும் பட்டன் செல்லை இன்றைக்கே கழற்றுங்கள். இந்த ஈரத்தில் கசிந்தால் தகடு பச்சையாகிவிடும்.

15 டிசம்பர் 2024

மயிலாடுதுறையிலிருந்து ஒரு அம்மா: எட்டாவது படிக்கும் மகளுக்கு ரோபோ பொம்மை வேண்டுமாம், எதில் தொடங்கலாம் என்கிறார்.

ஜப்பானின் பண்டாய் கம்பெனி விற்கும் குண்டம் ரோபோ கிட்டில் தொடங்குங்கள் அம்மா, பாகங்களாக வரும், நாமே பொருத்த வேண்டியது. 1980-இலிருந்து வருகிறது. 1/144 அளவு, கதையில் 18 மீட்டர் உயர ரோபோ கையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி வெட்டிப் பொருத்த வேண்டும், இப்போது வரும் கிட்டுகளில் பசை தேவையில்லை, பாகமே நிறத்தோடு வரும். கெட்டிப் பிளாஸ்டிக் என்பதால் மேலே நான் புலம்பிய பிசுபிசுப்பும் கிடையாது, வெயில் படாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வெள்ளைப் பாகம் ஜன்னலோரத்தில் மஞ்சளிக்கும். நிப்பர் என்ற வெட்டுக்குறடு வாங்கும் வரை நகவெட்டி போதும். ஒட்ட வெட்டச் சொல்லாதீர்கள், முதலில் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் நெருங்கி ஒரு வெட்டு, மிஞ்சும் புள்ளியை நகத்துக்குப் போடும் அரத்தால் தேய்க்கலாம். விளக்கத்தாளில் எழுத்து ஜப்பானிய மொழி, ஆனால் படத்தைப் பார்த்தே செய்துவிடலாம். மகள் முதலில் காலைத்தான் செய்ய ஆசைப்படுவாள், தாளில் இருக்கும் வரிசைப்படியே போகச் சொல்லுங்கள்.